பழக்கிவைத்த அதிகாரியைத் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
வே. தேசப்பன்,
மேஸ்திரி, கட்டை அடுக்கும் பகுதி,
வங்கக்கரை மரக் கம்பெனி டிப்போ,
இராயபுரம், சென்னை–13.

பெறுநர்:
தொழிலாளர் நல அதிகாரி அவர்கள்,
வங்கக்கரை மரக் கம்பெனி, தலைமை அலுவலகம்,
சென்னை–1.

பொருள்: டிப்போ அதிகாரி திரு. ஜெயவேல் அவர்களை எர்ணாவூர்க் கிடங்குக்கு மாற்றியதை ரத்து செய்து, எங்களிடமே திருப்பி அனுப்பக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. திரு. ஜெயவேல் நல்லவர் என்று சொல்வதற்காக இந்த மனுவை எழுதவில்லை. இங்கே வந்தபோது அவர் மிகவும் கஷ்டமான மனிதர். இதை அவர் முன்னிலையிலும் சொல்வேன். மாடி ஜன்னலில் நின்றுதான் உத்தரவு போடுவார். யார் எதைக் கேட்டாலும், கேட்டு முடிக்கும் முன்பே 'முடியாது' என்பார். தண்ணீர்ப் பானையை நிழலில் வைக்கலாமா என்றதற்கும் அதே பதில். அவரை இன்றைய நிலைக்குக் கொண்டுவர எங்களுக்கு மூன்று வருஷம் பிடித்தது. அந்த உழைப்பை ஒரே உத்தரவில் எர்ணாவூருக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்பதே எங்கள் குறை.

2. பழக்கிய விதம் பின்வருமாறு. அவர் வந்த வருஷத்து மழைக்காலத்தில், ரயில் பாதை ஓரத்துத் தேக்குக் கட்டைகளை இன்னும் மூன்று வரிசை உயர்த்தி அடுக்கும்படி ஜன்னலிலிருந்து கூவினார். தரை இளகியிருந்தது. அடுக்கு சரிந்தால், கீழே பட்டை பொறுக்கும் பெண்கள் மேல்தான் விழும். கூடாது என்று நான் சொல்லியிருந்தால் நாலு வரிசையாக ஏற்றச் சொல்லியிருப்பார். ஆகவே, 'சார், காது சரியா கேக்கல. கொஞ்சம் எறங்கி வந்து கட்டையாண்ட நின்னு சொல்லுங்க' என்று பணிவாகக் கேட்டுக்கொண்டேன். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. கோபத்தோடு இறங்கி வந்தார். அடுக்கின் அடியில் நின்று கையைத் தூக்கியவர், நிமிர்ந்து பார்த்தார். மேலே ஒரு கட்டை லேசாக முனகியது. 'இருக்கிறதிலேயே ரெண்டு வரிசையை இறக்குய்யா, என்ன வேடிக்கை பார்க்கிறே!' என்று என்னையே திட்டினார். யோசனை அவருடையதாகவே இருக்கட்டும் என்று திட்டை வாங்கிக்கொண்டேன்.

3. அன்று முதல், வேலை நடக்கும் இடத்தில் வந்து நின்றே உத்தரவு சொல்வது அவர் வழக்கமாயிற்று. காபி குடிக்கும் முன் அவரிடம் எதையும் கேட்பதில்லை என்பது எங்கள் வழக்கமாயிற்று. பானையும் நிழலுக்கு வந்தது. 'முடியாது' என்பதை மட்டும் அவர் விடவில்லை. அதுவும் சில சமயம் சரியாக இருந்தது. ஒரு பழைய வடத்தைக் கொண்டு கட்டை இழுக்க நான் பிடிவாதம் பிடித்தபோது மறுத்துவிட்டார். அந்த வடம் பிறகு வெறும் வண்டியை இழுத்தபோதே அறுந்தது. இதை எழுதாமல் விட்டால் மனு நியாயமாகாது.

4. சென்ற மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். அச்சமயம் பட்டை பொறுக்கும் சிலுவையம்மாள், 'நைனா, அந்தாண்ட போய் நில்லு. கட்ட உருண்டா உன் காலு இன்னாத்துக்கு ஆவும்?' என்றாள். திரு. ஜெயவேல் மறுபேச்சின்றி நகர்ந்தார். வந்தவர் இதைக் கண்டு, 'தொழிலாளருக்கு அடங்கி நடக்கிறார்' என்று எழுதிப்போனதாகவும், அதனாலேயே மாற்றல் வந்ததாகவும் அறிகிறோம். அவர் அடங்கவில்லை ஐயா. நகர்ந்து நின்ற பிறகு, அந்தப் பக்கம் ஏன் உருட்டினாய் என்று என்னை வெகுநேரம் வைதார். பார்வையிட வந்தவருக்கோ அதுவரை நிற்கப் பொறுமை இல்லை. 'காலு நல்லாத்தான் கீது, ஆளத்தான் காணோம்' என்று சிலுவையம்மாள் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

5. புதிய அதிகாரி மிகவும் மரியாதையானவர். எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்கிறார். 'முடியாது' என்பவரைச் சுற்றிப் போக வழி உண்டு. இவரை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று விளங்கவில்லை. உத்தரவெல்லாம் மாடியிலிருந்து சீட்டில் வருகிறது. அதன்படி அடுக்கு பழைய உயரத்துக்கு ஏறியது. மழையும் தொடங்கிவிட்டது. காது கேட்கவில்லை என்று இவரிடமும் சொல்லிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

6. நேற்று திரு. ஜெயவேல், விட்டுப்போன தமது நாற்காலியை எடுத்துச் செல்ல டிப்போவுக்கு வந்தார். அடுக்கைக் கண்டதும் குடையை வீசிவிட்டு, 'யாருய்யா இதை ஏத்தினது? உங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா?' என்று சத்தம் போட்டார். அவருக்கு இங்கே அதிகாரம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் சத்தம் ஓய்வதற்குள் ரெண்டு வரிசை இறங்கிவிட்டது. எங்களுக்கும் வெகுநாளைக்குப் பிறகு வேலை செய்தது போல் இருந்தது.

7. அதிகாரமில்லாதவர் சொல்லுக்குக் கீழ்ப்படிந்த குற்றத்துக்காக என்னை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று இன்று காலை தாக்கீது வந்திருக்கிறது. என் விளக்கம் இதுவே: நாங்கள் செய்தது சரி, அதற்கான உத்தரவுதான் தலைமை அலுவலகத்திலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. திரு. ஜெயவேல் அவர்களை நேற்றைய தேதியிட்டு மறுபடி இங்கே நியமித்தால், அவர் போட்ட சத்தம் முறையான உத்தரவாகிவிடும். என் மேலும் குற்றம் நிற்காது. தாங்கள் அவ்வாறு செய்யும்படி வேண்டுகிறேன். தங்கள் பதில் வரும்வரை இறக்கிய கட்டைகளை ஏற்றுவதாக இல்லை.

இடம்: இராயபுரம்
நாள்: 21–10–1953

தங்கள் பதிலை எதிர்பார்த்து டிப்போ வாசலிலேயே இருப்பவன்,
வே. தேசப்பன்

(அடுக்கும் பகுதியினர் அனைவரும் கையெழுத்தும் கைநாட்டும் இட்டிருக்கிறார்கள்.)