மூன்றாவது துப்பாக்கி

ட்ரொம்ஸோ, நார்வே
ஏப்ரல் 9

அன்புள்ள ஆர்வோ,

நலம்தானே? கைசாவின் முழங்கால் வலி தேவலையா? மகள் வீட்டு ஜன்னலில் கடல் தெரிகிறது. மரங்கள் எல்லாம் குட்டை. ஓர் ஆள் மறைந்து நிற்க முடியாது. அதுவே எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

துப்பாக்கிகளுக்கு இங்குள்ள போலீஸ் சம்மதம் கொடுத்துவிட்டது. உங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கும் இரண்டையும் எல்லை தாண்டிக் கொண்டுவரலாம். ஆனால் நம் பின்லாந்துப் போலீஸ் அலுவலகத்துப் பெண் தொலைபேசியில், "உங்க பேர்ல மூணு இருக்கே, இன்னொண்ணு எங்கே?" என்று கேட்டாள். "போன அக்டோபர்ல என் புருஷன் ரெய்யோ வேட்டைக்கு எடுத்துட்டுப் போனார். நாய் மட்டும்தான் திரும்பி வந்துச்சு" என்றேன்.

பனி உருகியதும் ஹௌகிலம்பிக் குளத்துப் பக்கம் ஒரு தடவை தேடிப் பாருங்கள். ரெய்யோவை அல்ல, துப்பாக்கியைத்தான். நாய் ஹல்லியை எனக்காகத் தடவிக்கொடுங்கள்.

உங்கள்
ஹெல்வி

குஹ்மோ, பின்லாந்து
மே 16

அன்புள்ள ஹெல்வி,

உட்கார்ந்துகொண்டு படி. துப்பாக்கி கிடைத்துவிட்டது.

குளக்கரைக் குடிசைக்குள், கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது. அந்தக் குடிசையைப் போலீஸும் நாங்களும் அப்போது எத்தனை தடவை புரட்டிப் போட்டோம் என்று உனக்கே தெரியும். ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்த இரும்பில் துரு இல்லை. குழலுக்குள் பார்த்தேன், பளபளவென்று இருந்தது. எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

ஹல்லி உள்ளே வர மறுத்துவிட்டது. வாசலிலேயே உட்கார்ந்து, காலிக் கட்டிலைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

வேட்டைச் சங்கத்தில் சொன்னால் பெக்கா சிரிக்கிறான். "நீயே கொண்டுபோய் வச்சிட்டு எங்களைப் பயமுறுத்துறியா, ஆர்வோ?" அவனைத் துணைக்குக் கூப்பிட்டேன், வரமாட்டானாம்.

இப்போது மூன்றும் என் பெட்டியில் இருக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து மனுப் போடுகிறாயா?

ஆர்வோ

ட்ரொம்ஸோ
மே 27

அன்புள்ள ஆர்வோ,

"மூணையும் கொண்டு வந்துடலாம்மா, அப்பா ஞாபகமா இருக்கட்டும்" என்கிறாள் மகள். அந்த மூன்றாவது மட்டும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது.

அந்தக் குடிசையிலிருந்து எங்கள் வீடு நடந்து வரும் தூரம்தான். குளிர்காலம் முழுக்க முற்றத்து விளக்கை அணைக்காமல் வைத்திருந்தேன். உயிரோடிருந்தால் அவர் வந்திருக்கலாமே? உயிரோடில்லை என்றால் துப்பாக்கிக்கு யார் எண்ணெய் போட்டது?

போலீஸிடம் கொடுத்தால் உருக்கிவிடுவார்கள். அதற்கும் மனம் வரவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். சட்டப்படி தப்பு. சங்கத் தலைவரான உங்களிடம் கேட்பது அதைவிடத் தப்பு. இருந்தாலும் கேட்கிறேன்.

ஹெல்வி

குஹ்மோ
அக்டோபர் 14

அன்புள்ள ஹெல்வி,

ஜூனில் மற்ற இரண்டையும் ஒப்படைக்க அங்கே வந்தபோதே சொல்லியிருப்பேன், உன் மகளை எதிரில் வைத்துக்கொண்டு வாய் வரவில்லை. நீ கேட்டபடி வைத்துவிட்டேன். தோட்டா ஒன்றுகூட வைக்கவில்லை. போன மாதம் போய்ப் பார்த்தேன், துப்பாக்கி அங்கே இல்லை.

சனிக்கிழமை மூஸ் மான் வேட்டை தொடங்கியது. எல்லோரும் கிழக்குச் சரிவில் நின்றோம். குளத்துப் பக்கமிருந்து ஒரே ஒரு வெடிச்சத்தம். "யாருடா அங்கே? தலையை எண்ணுங்கடா!" என்று கத்தினான் பெக்கா. எண்ணினோம். ஒருவரும் குறையவில்லை. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவே இல்லை.

மறுநாள் காலையில் என் வாசற்படியில் இரண்டு துண்டு இறைச்சி. ஊசியிலைக் கிளைகளில் சுற்றியிருந்தது, லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. "அதை உள்ளே கொண்டு வந்தீங்கன்னா நான் வெளியே போயிடுவேன்" என்றாள் கைசா. சவுனாக் குளியலறை அடுப்பில் நானே சுட்டுத் தின்றேன். நல்ல இறைச்சி, ஹெல்வி.

இன்னொரு துண்டு விலாவோடு நீளமாக அறுத்தது. ரெய்யோ யாருக்காக அப்படி அறுப்பான் என்று எனக்குத் தெரியும். உறைபெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

ஆர்வோ

ட்ரொம்ஸோ
அக்டோபர் 22

அன்புள்ள ஆர்வோ,

அதை ஹல்லிக்குப் போட்டுவிடுங்கள்.

பிறகு ஒரே ஒரு தடவை குளக்கரைக்குப் போங்கள். உள்ளே நுழைய வேண்டாம். பகல் வெளிச்சத்தில் வாசலில் நின்று, உரக்கச் சொல்லுங்கள்: "ஹெல்வி இங்கே இல்லை, ரெய்யோ. அவளுக்கு இனிமே பங்கு வைக்காதே." அவர் உங்கள் பேச்சைக் கேட்பார், எப்போதும் கேட்டிருக்கிறார்.

எங்கே போனாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஹெல்வி