கோப்பையும் சவுரியும்

மார்ச் 3, ஞாயிறு

இன்று பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பாலிங் ஊரிலிருந்து. மாப்பிள்ளை பெயர் திவாகரன். கூலிம் பேக்டரியில் ஷிப்ட் முழுக்கத் தலையை மூடி வேலை செய்தே என் முடி பாதி போய்விட்டது. அம்மா சவுரி வைத்துப் பின்னி, ஒட்டு தெரியாமல் மல்லிகையைச் சுற்றினார். இடுப்பைத் தாண்டித் தொங்கியது. கழுத்து வலி இன்னும் போகவில்லை.

அவர் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. குடித்த கோப்பையைத் தானே எடுத்துப்போய் சிங்க்கில் கழுவி வைத்தாரே, அது மட்டும் கண்ணில் நிற்கிறது. அப்பா தன் தட்டை நகர்த்திக்கூட வைத்ததில்லை. அதற்காகவே சரி என்றேன்.

மார்ச் 6

அவர்களுக்கும் சம்மதம். என்னிடம் என்ன பிடித்தது என்று மெசேஜில் கேட்டேன். ‘உங்க முடி.’

மார்ச் 18

ஆண்கள் கண்ணால் பார்த்து மயங்குகிறார்கள், நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்க்கிறோம், அதனால் ஏமாற மாட்டோம் — வேலையிடத்தில் ரூபினியிடம் பெருமையடித்தேன். சவுரி விஷயத்தை அவளிடம்கூடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 7

மண்டபம் எடுத்தாகிவிட்டது. பத்திரிகையும் வந்துவிட்டது. அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். “தாலி ஏறட்டும்மா. அப்புறம் கொட்டிப்போச்சுன்னு சொல்லிக்கலாம்” என்கிறார் அம்மா.

எவ முடியையோ தலையில வச்சுக்கிட்டு எப்படி மணவறையில உக்காருவேன்?

ஏப்ரல் 20, சனி

சொல்லிவிட்டேன். பாசார் சந்தைக்குப் பக்கத்துக் கடையில். சவுரி இல்லாமல்தான் போனேன். என் தலையைப் பார்த்தார், பிறகு வெளியே நின்ற மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தார்.

“எங்க வீட்டுல யாருக்கும் தெரிய வேணாம். கல்யாணத்தன்னைக்கு வச்சிக்க. அப்புறமும் வச்சிக்க” என்றார். என் பக்கம் திரும்பி, “நீ எதப் பாத்து சரின்ன?”

கோப்பையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“அது அக்கா சொல்லிக் குடுத்தது லா. பொண்ணு வீட்டுல அப்படி செஞ்சா புடிக்கும்னாங்க.”

எந்த வாயால் கோபப்பட?

ஏப்ரல் 21

நிறுத்திவிடலாமா என்று அம்மாவிடம் கேட்கப் போனேன். பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 17, பாலிங்

மாமியார் எழுவதற்குள் சவுரி வைத்துப் பின்னிவிட வேண்டும். கை பழகிவிட்டது.

அவர் வேலைக்குக் கிளம்பும்போது ஜடையைத் தடவிவிட்டுப் போனார். அது என்னுடையது இல்லை என்று தெரிந்தும். நானும் தினம் போல, தெரிந்தேதான், சிங்க்கை எட்டிப் பார்த்தேன்.

கோப்பை மேசையிலேயே இருந்தது.