திருப்பிப் போட்ட ஜாக்கெட்

கம்போங் மேடான்,
10 ஆகஸ்டு 2025

அன்புள்ள கணவருக்கு,

நான் நலம். நேரத்துக்குச் சாப்பிட்டால் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். போனை எடுத்தால் கார் பேச்சு வந்து சண்டையில் முடிகிறது. கடிதத்திலாவது குறுக்கே பேச மாட்டீர்களே என்று எழுதுகிறேன்.

மின்சாரக் கார் பெட்ரோல் குடிக்காது, சரி. நம் வீடு நாலாம் மாடி. சார்ஜ் போடச் சன்னல் வழியாகவா வயர் விடுவது? கீழே நிற்கும் நம் பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கொஞ்சம் எண்ணெய் போட்டாலே எங்கும் போய் வரலாம். அந்தக் காருக்காகச் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இரண்டு வருஷமாகக் கிடக்கிறீர்கள். பெட்ரோலைத் தின்னாத கார் நம் வயதைத் தின்கிறது.

காற்று அடிக்குமென்று ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓட்டுவீர்கள். பின்னால் திறந்து கிடக்கும் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு நான் கிள்ளான் கடை வரைக்கும் வருவேன். காரில் ஆளுக்கொரு சீட்டு.

டிசம்பரில் உங்கள் வேலை பெர்மிட் முடிகிறது. வந்துவிடுங்கள்.

உங்கள்
சந்திரகலா

சிங்கப்பூர்,
31 ஆகஸ்டு 2025

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதம் தலையணைக்கடியில் இருக்கிறது. அறையில் எல்லாரும் கேலி செய்கிறார்கள்.

உனக்கு என் முதுகு ஞாபகம். எனக்கு ஹைவேயில் மழையில் சறுக்கி விழுந்ததும் உன் கை ஒடிந்ததும்தான் ஞாபகம். இனி உன்னை மோட்டாரில் ஏற்றிப் போக மாட்டேன் என்று பத்துமலையில் முருகனிடம் சொல்லிவிட்டேன். பழைய கார் வாங்கினால் பட்டறைக்கும் எண்ணெய்க்கும் அழ வேண்டும். மின்சாரக் கார் வாங்கும்போதுதான் வலி, பிறகு செலவு குறைவு. சார்ஜைப் பேரங்காடியில் போட்டுக்கொள்ளலாம்.

கோபப்படாதே. இன்னும் இரண்டு வருஷம் நீட்டித் தருகிறார்கள். நவம்பர் கடைசியில் கையெழுத்து. மோட்டாரைக் கீழ்வீட்டுக் கன்னையா அண்ணனுக்கு விற்றுவிடு, முன்பணத்துக்கு ஆகும்.

எனக்கும் இங்கே சரியாகத் தூக்கம் இல்லை.

உன்
திருச்செல்வம்

கம்போங் மேடான்,
9 நவம்பர் 2025

அன்புள்ள கணவருக்கு,

பதில் தாமதம். தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்த ஒரு நாளிலும் வாய் திறக்காமல் இருந்தேன். காரணம் இருக்கிறது.

கன்னையா அண்ணன் மோட்டாரைக் கேட்டு வந்தார். விற்கவில்லை. அவரிடமே ஓட்டக் கற்றுக்கொண்டேன். "பயப்படாத லா தங்கச்சி, மோட்டாரும் உன்னப் பாத்து பயந்துதான் நிக்குது" என்றார். போன வாரம் லைசென்ஸ் கிடைத்தது.

என்னை ஏற்றிப் போக மாட்டேன் என்றுதானே முருகனிடம் சொன்னீர்கள்? உங்களை நான் ஏற்றிப் போகக்கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நேற்று உங்கள் ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தனியாகக் கிள்ளான் போனேன். மழை பிடித்தது. நாம் ஒதுங்குகிற அதே பாலத்தடியில் நின்றேன். திரும்பும்போது நெஞ்சில் காற்று படவில்லை. முதுகுதான் தாங்க முடியாமல் குளிர்ந்தது. அந்த நாட்களில் உங்கள் முதுகு குளிராமல் இருந்தது என்னால்தான் என்று அப்போது தெரிந்தது.

கார் வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே இருந்தே பணம் சேர்த்து, முடிகிறபோது வாங்குவோம். இன்னும் இரண்டு வருஷம் என்னால் முடியாது. இதற்கு மேல் கேட்க மாட்டேன்.

உங்கள்
கலா

சிங்கப்பூர்,
26 நவம்பர் 2025

கலா,

கையெழுத்துப் போடவில்லை. டிசம்பர் இருபதாம் தேதி சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குகிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது. மெதுவாக ஓட்டு. மழை வந்தால் பாலத்தடியில் நின்று போவோம், அவசரம் ஒன்றுமில்லை.

எனக்கும் ஒரு ஹெல்மெட் கொண்டு வா. ஜாக்கெட்டைத் திருப்பியே போட்டுக்கொள். முதுகில் நான் சாய்ந்துகொள்கிறேன்.

உன்
செல்வம்