வா அப்பா, சாப்பிட்டியா?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாலு வருஷமாக நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். பிரித்து இவ்வளவு தூரம் படித்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு. நீ நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

இங்கே முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறது. பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட வேலை போதாதென்று கம்ப்யூட்டர் அறையைப் பூட்டுவதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அங்கேதான் நீ செய்த பாடங்களைப் பார்த்தேன். பிள்ளைகள் திரையில் ஒரு வட்டத்தை இழுத்து இழுத்துப் பின்னம் படிக்கிறார்கள். இன்னொரு பாடத்தில் ஒயரைத் தப்பாக இணைத்தால் பல்பு எரிவதில்லை, ஆனால் யாரும் திட்டுவதும் இல்லை. பக்கத்தின் அடியில் உன் பெயர் இருந்தது. பொம்மை காட்டிப் பிழைக்கிறாள் என்று உன் அத்தையிடம் சொன்னவன் நான். வெட்கமாக இருந்தது.

கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதும் கோடிங் பாடத்தில், முதல் பக்கமே ஒரு கட்டம் பெயர் கேட்டது. 'அப்பா' என்று தட்டினேன். 'வா அப்பா, சாப்பிட்டியா?' என்று வந்தது. பள்ளிக்கூடம் சேரும்வரை நீ என்னை வா, போ என்றுதான் கூப்பிடுவாய். வளர்ந்த பிறகுதான் 'வாங்க'. பிள்ளைக்கு மனசு இளகிவிட்டது என்றே நினைத்தேன். ஒரு மாதம் தினமும் பூட்டுவதற்கு முன் போய்த் தட்டினேன். சாப்பிட்டேன் கண்ணு என்று வாய்விட்டுப் பதிலும் சொன்னேன்.

கம்ப்யூட்டர் டீச்சர் பார்த்துவிட்டார். "எதைத் தட்டினாலும் அப்படித்தான் சார் வரும்" என்று சொல்லி 'கழுதை' என்று தட்டிக் காட்டினார். வா கழுதை, சாப்பிட்டியா என்றது. நானும் சிரித்து வைத்தேன். என் முகத்தைப் பார்த்து அவர்தான் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு முடியாமல் போனதை, உன் தேர்வு கெடக்கூடாது என்றுதான் சொல்லவில்லை, அவளும் சொல்ல வேண்டாம் என்றாள் என்றேனே, அவள் அப்படிச் சொல்லவே இல்லை. "புள்ளைய வரச் சொல்லுங்க, ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்று மூன்று நாள் கேட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்று நான்தான் தள்ளினேன். நாலாம் நாள் கேட்க அவள் இல்லை.

அந்தப் பக்கத்தில் வரும் வரியை நாமே மாற்றிப் பார்க்கலாமாம், டீச்சர் சொல்லிக்கொடுத்தார். நேற்று மாற்றினேன். 'அப்பா, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல' என்று எழுதினேன். பொத்தானை அழுத்த விரல் போகவில்லை. அழித்துவிட்டேன். அதை நானே எழுதிக்கொள்வது நியாயமில்லை.

மன்னிக்க வேண்டாம் கண்ணு. ஒரே ஒரு தடவை போன் பண்ணி, வாய்க்கு வந்தபடி திட்டு. என்ன வார்த்தையானாலும் சரி, அது உன் வாயிலிருந்து வரட்டும்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன் அப்பா