நீ போட்ட இரண்டு ஸ்டார்

என் உடைந்த பல்லுக்கு நீ செலவு செய்து போட்டுவிட்ட கேப் நேற்று கழன்று விழுந்துவிட்டது. மேசைமேல் ஒரு காகிதத்தில் வைத்திருக்கிறேன். ஓரத்தில் காய்ந்த ரத்தம் ஒட்டியிருக்கிறது. தானாக விழவில்லை, ஒருவன் அறைந்ததில் விழுந்தது. யார், எதற்கு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது.

சிதம்பரத்தில் நாம் பொறியியல் படித்த இரண்டாம் வருடம், 2006. கம்மாபுரத்திலிருந்து வந்த உனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசும். மெஸ்ஸில் தட்டு பறக்கும், ஹாஸ்டல் கதவு உடையும். ஆனால் கணினியில் சி மொழி நிரல் எழுத உட்கார்ந்தால் நீ வேறு ஆள். மறுநாள் செய்முறைத் தேர்வில் ஓட்டிக் காட்ட வேண்டிய நிரலை லேபில் எழுதி முடித்திருந்தாய். எண்களைச் சங்கிலியாகக் கோக்கும் நிரல் அது. முதல் எண் இருக்கும் முகவரியை ஹெட் என்ற பாயின்டர் வைத்திருக்கும். புது எண்ணை முன்னால் சேர்க்க ஒரு ஃபங்ஷன். அந்த ஃபங்ஷனில் ஹெட்டுக்கு முன்னால் இரண்டு ஸ்டார் குறி போட்டிருந்தாய். ஒன்று போதாதா என்று கேட்டேன்.

“போதாது மச்சான். ஒரு ஸ்டார் போட்டா அட்ரஸோட காப்பிதான் உள்ள வரும். உள்ள உக்காந்து நீ அத எப்டி மாத்துனாலும் கூப்புட்டவன்கிட்ட இருக்கிறது மாறாது. அது மாறணும்னா அந்த பாயின்டர் இருக்கிற எடத்தையே அனுப்பணும். அதுக்குத்தான் ரெண்டு.”

புரியாமலே தலையாட்டினேன். நீ டீ குடிக்கப் போனதும் உன் நிரலை என் ஃபோல்டருக்குக் காப்பி எடுத்தேன். காப்பியடித்தது தெரியாமலிருக்க எதையாவது கூட்டிக் குறைப்பது அங்கே எல்லோரும் செய்கிற வேலைதான். எனக்கு அந்த இரண்டாவது ஸ்டார் வீண் ஜம்பமாகத் தெரிந்தது. எல்லா இடத்திலும் ஒன்றை அழித்தேன். ஃபங்ஷனைக் கூப்பிடும் வரியையும் அதற்கேற்ப மாற்றி, கம்பைல் செய்தேன். ஒரு பிழையும் காட்டவில்லை. ஓட்டிப் பார்க்காமலே சேமித்துவிட்டு எழுந்தேன். இரண்டு நிரலும் ஒரே கணினியில் திறந்திருந்தன. என்னுடையது என்று நினைத்து நான் கை வைத்தது உன்னுடையதில்.

மறுநாள் என் நிரல் ஒழுங்காக ஓடியது, அது நீ எழுதியபடியே இருந்ததால். உன்னுடையதில் பட்டியல் காலியாக வந்தது. தேர்வாளர் பூஜ்யம் போட்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. வாயைத் திறக்கவில்லை.

“எவன்டா என் ஸ்டார தூக்குனது?” என்று கத்தினாய்.

முந்தின நாள் அந்தக் கணினியில் நமக்குப் பிறகு உட்கார்ந்தவன் செந்தில், திருப்பாதிரிப்புலியூர்க்காரன். ஒரு வாரத்துக்கு முன்புதான் மெஸ்ஸில் உன்னோடு முட்டிக்கொண்டிருந்தான். “நான் தொடலடா, சத்தியமா” என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் இரும்பு ஸ்டூலைத் தூக்கிவிட்டாய். முதல் அடி வலது தோளில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவனை விலாவில் உதைத்தாய். அவன் வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் தரையில் வழிந்தன. மறுபடி ஸ்டூல் உயர்ந்தபோது குறுக்கே விழுந்தேன். ஸ்டூலின் கால் என் பல்லில் இறங்கி அதை உடைத்தது.

விசாரணையில், யார் மாற்றியது என்று தெரியாது என்றேன். உன்னைக் கல்லூரியை விட்டே அனுப்பிவிட்டார்கள். நிலக்கரிச் சுரங்கத்து லாரி ஓட்டப் போனாய். முதல் சம்பளம் வந்ததும் என்னைக் கடலூருக்கு இழுத்துப்போய் இந்தக் கேப்பைப் போட்டுவிட்டாய். “நீ குறுக்க வரலன்னா அவன் செத்துருப்பான், நான் ஜெயில்ல கெடப்பேன் மச்சான்” என்றாய். உன் கைக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நீ என்னை அப்படிப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் நிஜம்.

போன வருடம் பஸ் ஸ்டாண்ட் அருகே இருவர் கத்தியோடு மோதிக்கொண்டதை விலக்கப் போய், வயிற்றில் குத்துப்பட்டுச் செத்தாய். சாவு வீட்டில் உன் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எங்க சண்ட நடந்தாலும் அண்ணன் பூந்துடும்ணா. எனக்கு ஒருத்தன் குறுக்க வந்தான்ல, நானும் போவணும்னு சொல்லும்.”

குறுக்கே விழுந்தது நட்புக்காக இல்லை, என் தப்புக்கு ஒருவன் செத்துவிடுவானே என்ற பயத்தில் என்று யாரிடம் சொல்வேன்?

நேற்று செந்திலைத் தேடிப் போனேன். கடலூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

“அவனுக்கு இது தெரியுமா?”

“தெரியாது. கடசி வரைக்கும் சொல்லல.”

அறைந்தான், இடது கையால். வலது கை தோளுக்கு மேல் எழாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“இது என் கைக்கு இல்லடா,” என்றான். “அவனுக்கு.”

இத்தனை வருடமும் மனசுக்குள் உன்னிடம் எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். உள்ளே உட்கார்ந்து நான் எதை மாற்றியும் உன்னிடம் ஒன்றும் மாறவில்லை. அந்த ஸ்டூலின் பழி கடைசி வரை உன் கையிலேயே இருந்தது.

கேப்பைத் திரும்ப மாட்டப் போவதில்லை. தண்ணீர் பட்டால் உடைந்த பல் சுரீரென்கிறது. இருக்கட்டும்.