முகம் மட்டும்

பெப்ரவரி 2, ஞாயிறு

இன்றும் கனடாவிலிருந்து தனஞ்சயன் சித்தப்பா வீடியோவில் வந்தார். அதற்கு முன் அம்மா சித்தப்பாவின் வயதான அப்பாவுக்கு, நாங்கள் பெரியய்யா என்று கூப்பிடுபவருக்கு, முழுக்கைச் சட்டை மாட்டினார். இரண்டு கையிலும் சாம்பல் நிறப் பொருக்கு, சீமெந்து காய்ந்தது போல. விரல் மடங்காது. சட்டை உரசிக் கட்டிலெல்லாம் செதில்.

"முகம் மட்டும்தான் தெரியோணும், விளங்குதே?" என்றார் அம்மா.

போன் பிடிப்பது நான். இந்தக் கொழும்பு வெள்ளவத்தை பிளாட் சித்தப்பாவுடையது. பெரியய்யாவைப் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் எங்களை இருக்கவிட்டிருக்கிறார்.

பெப்ரவரி 6

விரலிடுக்கெல்லாம் கடி, சொறியாமல் இருக்க முடியவில்லை. டியூஷனில் கையை மேசைக்குக் கீழே ஒளித்தேன். பக்கத்தில் இருந்த அர்பா "நுளம்பு கடிச்சதாடி?" என்று கேட்டுவிட்டுத் தள்ளி இருந்தாள்.

பெப்ரவரி 8

டொக்டர் பார்த்தவுடனே சொன்னார்: "சிரங்கு. வீட்டில எல்லாரும் ஒரே இரவில கிறீம் பூசோணும். எத்தினை பேர்?"

"நாலு பேர், டொக்டர்," என்றார் அம்மா.

நான் வாயைத் திறக்குமுன் அவருடைய நகம் என் தொடையில்.

பெப்ரவரி 9

பெரியய்யாவைத் தவிர நாங்கள் நால்வரும் டொக்டர் தந்த கிறீமைப் பூசிக்கொண்டோம். பெரியய்யாவுக்கு பாமசியில் வாங்கிய பழைய கிறீம்தான்.

"அவர் சொறியிறாரே? இல்லைத்தானே. அது வயசுக்கு வாற தோல் வறட்சி," என்றார் அம்மா. பெரியய்யாவின் சாப்பாட்டுக் கோப்பையைக் காலால் அறைக்குள் தள்ளினார். பெரியய்யா பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

மார்ச் 2, ஞாயிறு

மறுபடியும் கடி. இன்று வீடியோவில் போனைக் கீழே சரித்தேன். வேண்டுமென்றே. பெரியய்யாவின் கைகள் தெரிந்தன.

சித்தப்பா அவற்றைப் பார்த்தார். பிறகு — "பிள்ளை, மேல பிடி."

அவ்வளவுதான். கனடாவில் பனி கொட்டுகிறதாம்.

அம்மா அடிச்சதில காது இன்னும் கூவுது. இனி ஆரிட்டச் சொல்லுறது?

மார்ச் 4

டொக்டரிடம் அம்மா "நாலு" என்று தொடங்கினார். "அஞ்சு," என்றேன். பொருக்கைப் பற்றியும் சொன்னேன்.

டொக்டர் பேனையை வைத்தார். "அதுவும் சிரங்குதான், மோசமான வகை. வயசானவைக்குச் சில நேரம் கடிக்காது, சொறியவும் மாட்டினம். அவரிட்ட இருந்துதான் உங்களுக்குத் திரும்ப வருது. வெடிப்புக்குள்ளால கிருமி ரத்தத்தில ஏறினா ஆள் தப்பாது. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

ஓட்டோவில் அம்மா: "இனி ரோட்டிலதான் படுக்கோணும். உன்னாலதான்."

மார்ச் 23, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் மாத்திரை, தலை முதல் பாதம் வரை கிறீம். ஊறவைத்துப் பொருக்கை எடுத்திருக்கிறார்கள். பெரியய்யாவின் விரல்கள் மடங்குகின்றன.

வார்டுக்குச் சித்தப்பாவின் அழைப்பு வந்தது. பழக்கத்தில் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அப்பா, நல்லா இருக்கிறியளே?"

பெரியய்யா போனை என்னிடமிருந்து வாங்கினார். ஒரு விரலால் அழுத்தி அழைப்பை நிறுத்திவிட்டுத் திருப்பித் தந்தார்.

வாசலில் நின்ற அம்மா கேட்டார், "லைன் கட்டாகிட்டுதோ?"

"ஓம்," என்றேன்.