எங்கடை கட்சி

ஒரேத்தோ, பலெர்மோ, இத்தாலி
18 மார்ச் 2026

அன்புள்ள தர்சன் அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ மட்டும் மழைக்கு மழை வந்து போகிறது. லண்டனில் நீங்களும் துஷாந்தி அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

வட்ஸப் இருக்க ஏன் கடிதம் என்று சிரிப்பீர்கள். நீங்கள் அழைக்கும்போதெல்லாம் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வராது.

போன கிழமை எனக்கு இரண்டு தாள்கள் அனுப்பினீர்கள். நீங்கள் நிற்கிற மே மாதக் கவுன்சில் தேர்தலுக்கான உங்கள் துண்டுப்பிரசுரம் ஒன்று. தேர்தல் முடிந்ததும் வரவுசெலவு காட்டிக் கொடுக்கும் படிவத்தின் வரைவு மற்றது. “ஆரணி, இங்கிலிஷ் பிழையை மட்டும் பார், வேறை ஒண்டும் பாக்காதை” என்றீர்கள். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்து அலுவலகத்தில் நாள் முழுக்க மற்றவர்களின் படிவங்களை நிரப்புகிறவள் நான். ஒரு படிவத்தை எழுத்துப்பிழைக்காக மட்டும் பார்க்க எனக்குத் தெரியாது.

இன்னும் உங்கள் கைக்கு வராத ஆயிரத்து நானூறு பவுணை, வேட்பாளரின் சொந்தப் பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது யாருடைய பணம் என்று எனக்குத் தெரியும். பெயர்களை எழுதியவளே நான்தான்.

அப்பா எப்படிச் சேர்த்தார் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கோயில் திருவிழாவுக்கு உபயம் சேர்க்கிற மாதிரியேதான். பல்லரோச் சந்தையில் அருளையா அண்ணையின் கடை வாசலில் கதிரை போட்டு இருந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் மறித்தார். “எங்கடை பொடியன் எலெக்‌ஷன் கேக்கிறான், குடுங்கோ.” அருளையா அண்ணை கல்லாவில் இருந்தபடி, “நகுலேஸ், உன்ரை மகன் வெண்டால் எனக்கு லண்டன் விசா எடுத்துத் தருவானோ?” என்று கேட்டார். “முதல்லை நூறை எடு, பிறகு விசாவைக் கதைப்பம்” என்றார் அப்பா. யாரோ எந்தக் கட்சி என்று கேட்டதற்கு, ஒரு கணமும் யோசிக்காமல், “எங்கடை கட்சிதான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். பதினாறு பேர், ஆளுக்கு நூறு யூரோ. மாற்றினால் அந்த ஆயிரத்து நானூறு பவுண்.

அண்ணா, அது கோயில் அல்ல. அந்த நாட்டில் ஒரு வேட்பாளருக்கு ஐம்பது பவுணுக்கு மேலே ஒருவர் தருவதென்றால், அவர் அங்கே வாக்காளராகப் பதிந்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே இயங்கும் கம்பனியோ தொழிற்சங்கமோ அதுபோன்ற அமைப்போ தரவேண்டும். பலெர்மோவில் படி துடைத்தும் கடை வைத்தும் பிழைக்கிற பதினாறு பேரும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களின் பணத்தை உங்கள் பணம் என்று எழுதிக் கையெழுத்து வைப்பது பொய். உங்கள் கட்சிக்காரருக்கே இது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். இதை அப்பாவுக்குச் சாப்பாட்டு மேசையில் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். “கோயிலுக்கு ஆர் குடுத்தால் என்ன பிள்ளை, சாமி ஒண்டுதானே” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

நீங்கள் கட்சி மாறியதில் எனக்குக் கோபம் இல்லை. கிட்டங்கியில் சாமான் ஏற்றி இறக்கி இரவுவேலை செய்தபோது லேபர் கட்சி என்றீர்கள். அது தொழிற்சங்கங்கள் பெற்ற பிள்ளை, தொழிலாளியின் சந்தாவில் வளர்ந்தது என்று மணிக்கணக்காய் எனக்குப் பாடம் எடுத்தீர்கள். பிறகு சொந்தமாகக் கடை திறந்தீர்கள். வரி குறையவேண்டும், அரசாங்கம் சிறுக்கவேண்டும், உழைத்தவன் கையில் காசு நிற்கவேண்டும் என்று கொன்சர்வேற்றிவ் பக்கம் போனீர்கள். அது பெரும்பாலும் முதலாளிகளும் வசதியானவர்களும் தருகிற பணத்தில் நடக்கிற கட்சி. லேபருக்கும் இப்போது கோடீஸ்வரர்கள் தருகிறார்கள் என்பீர்கள், அதுவும் உண்மைதான். இங்கே இத்தாலியில் வரிப்படிவத்தில் ஆயிரத்துக்கு இரண்டை விரும்பிய கட்சிக்கு எழுதிவிடலாம். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பெட்டியை வெறுமையாக விடுகிறார்கள். எது சரியான முறை என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஒரு கட்சியின் கொள்கையில் பாதி விளங்கிவிடும் என்று நம்பியிருந்தேன்.

உங்கள் துண்டுப்பிரசுரம் அந்த நம்பிக்கையையும் கெடுத்துவிட்டது. மூன்றாவது பந்தி: “சட்டப்படி வராதவர்களுக்கு எங்கள் தெருக்களில் இடமில்லை.” அதில் ஒரு இங்கிலிஷ் பிழையும் இல்லை. நான் பலமுறை வாசித்துப் பார்த்தேன்.

அப்பா எப்படி வந்தவர், அண்ணா? பாஸ்போட்டில் ஒரு முத்திரையும் இல்லாமல் வந்து, இரண்டு வருடம் ஒளித்து வேலைசெய்து, அரசாங்கம் பொதுமன்னிப்புக் கொடுத்தபோது கடதாசி எடுத்தவர். அந்தக் கடதாசியில்தான் நீங்கள் இங்கே வந்து சேர்ந்தீர்கள். இந்திராதேவி அக்காவை நினைவிருக்கும். நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் உங்களுக்குச் சோறு கட்டித் தந்தவர். அவருடைய பெர்மெஸ்ஸோ, இங்கே இருக்கத் தருகிற அனுமதி, முடிந்து ஐந்து மாதம். அதைப் புதுப்பிக்கப் பொலிஸ் குவெஸ்தூராவில் இன்னும் திகதி தரவில்லை. சம்பளத்துக்குப் பார்க்கிற கிழவியின் வீட்டிலிருந்து நேரே வந்து நூறு யூரோவை என் கையில் வைத்தார். “தம்பி அங்கை எங்களுக்காகவும் கதைப்பான்தானே, பிள்ளை?” என்று கேட்டார். நான் “ஓம் அக்கா” என்றேன். அந்த “ஓம்” என்னை நித்திரை கொள்ளவிடுகிறதில்லை.

நீங்கள் எந்தக் கட்சியில் நின்றாலும் அது உங்கள் விருப்பம். எல்லையை இறுக்கவேண்டும் என்று நீங்கள் உண்மையாகவே நம்பினால் அதையும் சொல்லுங்கள். ஆனால் இந்திராதேவி அக்காவின் காசில் அச்சடித்துச் சொல்லாதீர்கள். அவரிடம் கேட்டிருந்தால் தந்திருப்பாரா? ஒருவரும் அவருக்கு அந்தப் பந்தியை வாசித்துக் காட்டவில்லை. நானும்தான்.

சனிக்கிழமை தில்லையம்பலம் மாமா தன் பெறாமகளின் கலியாணத்துக்கு லண்டன் வருகிறார். பணத்தை என்வலப்பில் போட்டு ஒட்டி அவரிடம் கொடுக்கச் சொல்லி அப்பா என்னிடம் தந்தார். நான் ஒட்டித்தான் கொடுப்பேன். அதற்குள் இருப்பது இந்தக் கடிதம். பணம் என் அலுமாரியில், அந்தப் பெயர்த்தாளோடு இருக்கிறது.

அப்பாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. நான் சொன்னால் படித்த திமிர் என்பார். நீங்கள் சொன்னால் அது லண்டன் சட்டம். 29ஆம் திகதி ஞாயிறு அவர் பதினாறு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, பெயர்களை உரத்து வாசித்து நன்றி சொல்லப்போகிறாராம். அம்மா இப்போதே வடைக்கு உழுந்து வாங்கிவிட்டா. அதற்கு முன் அவருக்குப் போன் எடுங்கள். பணம் வேண்டாம், சட்டம் விடாது, திருப்பிக் கொடுங்கோ அப்பா என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர் உங்களைப் பற்றிக் கதைக்கும்போது அந்தக் கடைவாசலில் எப்படி நிமிர்ந்து இருந்தார் என்று நான் பார்த்தேன். அவரைக் குனியவைக்க என்னால் முடியாது. உங்களால் மெதுவாக முடியும்.

கடிதத்தோடு ஒரு ஐம்பது யூரோத் தாள் இருக்கும். அது என்னுடையது. மாற்றினால் ஐம்பது பவுணுக்குக் கீழேதான் வரும். அவ்வளவை உங்கள் தங்கை தரச் சட்டம் தடுக்காது. அந்த மூன்றாவது பந்தியை எடுப்பீர்களானால் செலவழியுங்கள். எடுக்காவிட்டால் மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று நான் கேட்கமாட்டேன். எப்படியென்றாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வீட்டுக்கு எடுங்கள், அண்ணா. ஸ்பீக்கரில் போடவேண்டாம் என்று நான் அப்பாவிடம் சொல்லிவைக்கிறேன்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
ஆரணி